கணக்குப் பார்க்காதவர் கருணையாளரா?

“உயிருக்கு விலை பேசலாமா?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். மேடையிலும் சரி, வாட்ஸ்அப் குழுவிலும் சரி, மறுபேச்சு எழாது. கேட்டவருக்கும் மனம் நிறைந்துவிடும். இத்தனை மலிவாகக் கருணை வேறெங்கே கிடைக்கும்?

நான் மறுத்துப் பேசுகிறேன். விலை பேசலாம். பேசத்தான் வேண்டும். பேச மறுப்பவர்கள் விலை வைக்காதவர்கள் என்றா நினைக்கிறீர்கள்? அவர்களும் வைக்கிறார்கள். எழுதிவைப்பதில்லை, அவ்வளவுதான்.

எழுதிவைத்த மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் ஆலன் வில்லியம்ஸ். 1927இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1964இல், அப்போதுதான் தொடங்கியிருந்த யார்க் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பிக்க வந்தவர். 1966 முதல் 1968 வரை நிதியமைச்சகத்துக்குப் போய், அரசு அதிகாரிகளுக்குச் செலவையும் பலனையும் எடைபோடக் கற்றுக்கொடுத்தார். சாலைக்கும் பாலத்துக்கும் கேட்கிற கேள்வியை மருத்துவமனையிடம் ஏன் யாரும் கேட்பதில்லை என்ற நெருடல் அதன்பின் அவரை விடவில்லை. இவ்வளவு பணம் போட்டோம். யாருக்கு, எவ்வளவு நலம் கிடைத்தது? பிரிட்டனில் சுகாதாரப் பொருளியல் என்ற துறையே முளைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1976இல் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பற்றி ஆராய அமைத்த அரச ஆணையத்திலும் அவர் உறுப்பினராக இருந்தார். 2005இல் இறந்தார். நம்மில் பெரும்பாலானோர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அவருடைய கேள்வி நம் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு இங்கிலாந்தில் முழங்கால் மூட்டு மாற்றினார்களா? அறுவைக்கு முன்பும் சில மாதம் கழித்தும் ஒரு படிவம் வந்திருக்கும். நடமாட முடிகிறதா, குளித்து உடுத்திக்கொள்ள முடிகிறதா, அன்றாட வேலைகள் நடக்கின்றனவா, வலி எப்படி, மனக்கவலை எப்படி என்று அதில் ஐந்து கேள்விகள் இருந்திருக்கும். அந்த ஐந்து கேள்விகளை உருவாக்கிய ஐரோப்பிய ஆய்வாளர் குழு 1987இல் கூடியது. வில்லியம்ஸ் அதன் முன்னோடிகளில் ஒருவர். 1993இல் யார்க் ஆய்வாளர்கள் பிரிட்டன் முழுக்க ஏறத்தாழ 3,000 பேரிடம் கேட்டார்கள்: இப்படிப்பட்ட நிலையில் பத்தாண்டு வாழ்வதா, முழு நலத்தோடு அதைவிடக் குறைந்த காலம் வாழ்வதா, எங்கே இரண்டும் உங்களுக்குச் சமமாகத் தோன்றும்? அந்தப் பதில்களிலிருந்து ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் கிடைத்தது. முழு நலம் 1. மரணம் 0. ஐந்திலும் ஆக மோசமான நிலைக்கு வந்த எண் −0.594. அதாவது, இதைவிடச் செத்துப்போவது மேல் என்று மக்கள் சொன்னார்கள். படுக்கையில் கிடந்த பாட்டி அழுதுகொண்டே சொன்னது இதுதானே? “அப்படிச் சொல்லக்கூடாது, அவன் அழைக்கும்போதுதான் போகணும்” என்று நாம் வாயடைத்தோம். 3,000 பேரின் வாயைத் திறக்கவிட்டது அந்த ஆய்வு.

அந்த எண்ணை ஆண்டுகளோடு பெருக்கினால் வருவது ‘குவாலி’: நலத்தின் தரத்தையும் சேர்த்து எடைபோட்ட ஓர் ஆயுள் ஆண்டு. இந்த எண்ணம் முதலில் தோன்றியது அமெரிக்காவில். அதை நூலகத்திலிருந்து மருத்துவமனை வாசலுக்கு இழுத்துவந்தவர்களில் வில்லியம்ஸ் முக்கியமானவர். 1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பைபாஸ் அறுவையைப் பற்றி எழுதும்போது, மற்ற சிகிச்சைகளையும் அதன் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார். ஒரு குவாலியைப் பெற ஆகும் செலவு இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தால் சுமார் 700 பவுண்ட், இடுப்பு மூட்டு மாற்றினால் சுமார் 750. மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்தால் சுமார் 14,000.

மருத்துவர்கள் பலர் கொதித்தார்கள். டயாலிசிஸை நிறுத்தச் சொல்கிறானா இந்த ஆள்? அவர் அப்படிச் சொல்லவில்லை. அடுத்து கையில் வரும் பணத்தை எங்கே போடுவது என்றுதான் கேட்டார். இடுப்பு மூட்டு தேய்ந்து, மாடி ஏற முடியாமல், வலியில் தூங்காமல், ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருந்த கிழவிக்காக வாதாடியவர்கள் அரிது. அவள் அவசரப் பிரிவில் இல்லை. அவளுக்குக் குழாய் எதுவும் சொருகவில்லை. அவளைப் பற்றிச் செய்தித்தாள் எழுதாது. முதல் பந்திக்குக் கணக்கில்லாமல் பரிமாறுகிறவரைத் தாராள மனசுக்காரர் என்கிறோம். கடைசிப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்களைக் கேட்டால் அல்லவா தெரியும்? செலவைப் பார்க்காதே என்று முழங்குகிறவர், அந்தச் செலவால் வேறு யாரோ இழப்பதையும் பார்க்காதே என்றுதான் சொல்கிறார். வில்லியம்ஸின் அறம் முழுவதும் இந்த ஓர் இடத்தில் நிற்கிறது. இதற்குச் சொர்க்கம் தேவைப்படவில்லை, நரகமும் தேவைப்படவில்லை. கண்ணில் படாத நோயாளியும் மனிதர்தான் என்று ஒப்புக்கொண்டால் போதும்.

எழுதாமல் வைத்த விலை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷனில் இறங்கி ஃபாரஸ்ட் லேன் வழியாக நடந்து வாருங்கள். விக்டோரியா காலத்துப் பெரிய கட்டடம் ஒன்று குடியிருப்பாக மாறி நிற்கும். ஏழைக் குழந்தைகளை வைத்து வளர்க்க 1850களில் கட்டிய தொழிற்பள்ளி அது. 1890 புத்தாண்டு நாளில் அங்கே தீப்பிடித்தது. 26 சிறுவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் புகையில் மூச்சுத்திணறி. அந்தக் காலத்து ஏழைச் சட்டத்துக்கு ஒரு கொள்கை இருந்தது: உதவி பெறுகிறவன் நிலை, வெளியே உழைத்துப் பிழைக்கும் கடைநிலைக் கூலியின் நிலையைவிட மேலாக இருந்துவிடக் கூடாது. உள்ளூர் வரிப்பணம் அல்லவா! இரவுக் காவலுக்கு எத்தனை பேர், படுக்கையறைக்கு எத்தனை வாசல், தீ அணைக்க என்ன ஏற்பாடு என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் உயிருக்கு விலை வைத்திருந்தார்கள். எந்தத் தாளிலும் அந்த எண் இல்லை. இல்லாத எண்ணை யார் எதிர்க்க முடியும்? இறந்த பிறகு சவக்குழி வெட்டினார்கள், பிரார்த்தனை செய்தார்கள். பிரார்த்தனைக்கு ஒருபோதும் நிதித் தட்டுப்பாடு வந்ததில்லை. (பின்னாளில் அதே கட்டடம் பிரசவ மருத்துவமனை ஆனது. இந்தப் பகுதியில் நரைத்த தலைகள் பல முதன்முதலில் அழுதது அங்கேதான்.)

இனி நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் தண்டுவடத் தசை நலிவு நோய் வந்த குழந்தைக்காக 16 கோடி ரூபாய் திரட்டும் வேண்டுகோள்கள் உலகத் தமிழர் கைபேசிகளை எல்லாம் சுற்றிவந்தன. லண்டனிலும் பணம் கொடுத்தார்கள். குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெற்றோர் இடத்தில் நான் இருந்தால் தெருத்தெருவாகக் கையேந்துவேன். ஆனால் ஒரு கேள்வி. அந்தப் படத்தில் சிரித்த குழந்தைக்கு இரங்கிய நெஞ்சு, படம் இல்லாத குழந்தைக்கு ஏன் இரங்குவதில்லை? ஒரு மருந்துக்கு இந்த விலை எப்படி வந்தது, யார் வைத்தார்கள், யார் பேரம் பேசினார்கள் என்று அந்தக் குழுக்களில் எத்தனை பேர் கேட்டோம்? அதே மருந்தின் பட்டியல் விலை பிரிட்டனில் 17 லட்சத்து 90 ஆயிரம் பவுண்ட். 2021இல் என்.எச்.எஸ். உட்கார்ந்து பேரம் பேசி, வெளியே சொல்லாத தள்ளுபடியில் வாங்கியது. பேரம் பேச ஒரு வாரியத்தின் கையில் கணக்கு இருந்ததால் அது நடந்தது. கணக்கு இல்லாத இடத்தில் உண்டியல் குலுங்குகிறது, கண்ணீர் பெருகுகிறது, கடைசியில் நிறுவனம் கேட்ட விலை அப்படியே போய்ச் சேருகிறது. நேர்த்திக்கடனுக்கு மேனர் பார்க் முருகன் கோயிலில் எவ்வளவு கொட்டினோம் என்பது வேறு கதை. முருகனிடம் யாரும் ரசீது கேட்பதில்லை.

பிரிட்டனில் அந்த வாரியத்தின் பெயர் நைஸ். 1999இல் தொடங்கியது. யார்க் பட்டறையின் கணக்குமுறை அதன் முதுகெலும்பு. வில்லியம்ஸின் யார்க் சகா டோனி கல்யர் அதன் துணைத் தலைவராக இருந்தார். ஒரு புதிய மருந்து ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டுக்குள் அடங்கினால் வாங்கலாம் என்பது நைஸ் நெடுங்காலம் கடைப்பிடித்த வரம்பு. ஒவ்வொரு முறை மறுக்கும்போதும் செய்தித்தாள்கள் அவர்களைக் கொலைகாரர்கள் ஆக்கின. 2010இல் அரசியல்வாதிகள் இளகினார்கள். நைஸ் மறுத்த புற்றுநோய் மருந்துகளை வாங்கத் தனி நிதி ஒன்றை அறிவித்தார்கள். கைதட்டல்! 2016க்குள் 127 கோடி பவுண்ட் போனது. 2017இல் ஆய்வாளர்கள் திருப்பிப் பார்த்தார்கள். நிதி ஏற்ற 47 பயன்பாடுகளில், ஆயுள் கூடியதற்குத் தெளிவான சான்று இருந்தவை 18 மட்டும். அந்தப் பதினெட்டிலும் கிடைத்தது நடுமதிப்பாக 3 மாதத்துச் சொச்சம். மூன்று மாதம் அற்பமா? இல்லை. மகள் கல்யாணத்தைப் பார்க்க மூன்று மாதம் போதும். ஆனால் அந்த 127 கோடி வேறெங்கே போயிருக்கலாம் என்று கேட்கும் பொறுப்பை அந்தக் கண்ணீர் அழித்துவிடுமா?

2015இல் யார்க்கின் கார்ல் கிளாக்ஸ்டன் குழு போட்ட கணக்கு இன்னும் கூர்மையாகக் குத்தும். என்.எச்.எஸ். தன் அன்றாட வேலைகளில் ஒரு குவாலியை ஏறத்தாழ 12,936 பவுண்டுக்கே உண்டாக்கிவிடுகிறது என்று கண்டார்கள். அப்படியென்றால் 30,000 பவுண்ட் கொடுத்து ஒரு குவாலி வாங்கும்போது, வேறெங்கோ இரண்டுக்கு மேல் பறிபோகிறது. பறிகொடுத்தவர் யார்? பெயர் தெரியாது. மனநலச் சிகிச்சைக்கு வரிசையில் நிற்பவராக இருக்கலாம். வராமல் போன மாவட்ட நர்ஸுக்காகக் காத்திருக்கும் சர்க்கரை நோயாளியாக இருக்கலாம். நைஸ் தாராளமாக இருக்கவேண்டும் என்று கூச்சலிடும் நல்ல மனிதர்களே, அந்த இருவருக்கும் உங்கள் பதில் என்ன?

தமிழ்நாட்டுக்குப் பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் பேசுகிறார்கள். பல்லடுக்கு மருத்துவமனைத் திறப்பு விழாவைச் சொல்வார்கள். 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தைச் சொல்ல மாட்டார்கள். அங்கே என்ன நடந்தது? அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். வணிகப் பெயரை விட்டு மூலப்பெயரில் மொத்தமாக, திறந்த டெண்டரில் வாங்கினார்கள். வந்த ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மாவட்டக் கிடங்கிலிருந்து ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பாஸ்புக்கில் உள்ள தொகைக்கு எடுத்துக்கொள்ளும். அரசு மருந்து என்று அட்டையிலேயே அச்சிட்டார்கள், திருடி விற்க முடியாதபடி. சிலை வைக்க இதில் ஒன்றுமில்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கையில் கிடைத்தது, மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயின. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் சென்னை ஐஐடியின் பொருளியல் பேராசிரியர் வி.ஆர். முரளீதரனுக்குப் பங்கு உண்டு. குறைந்த செலவில் நல்ல உடல்நலம் பெற்ற இடங்களைப் பற்றி 2011இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் வெளியிட்ட நூலில் தமிழ்நாட்டு அத்தியாயம் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதியது. நூலின் பதிப்பாசிரியர்களில் ஒருவர் ஆன் மில்ஸ், லண்டனின் முன்னணிச் சுகாதாரப் பொருளியலாளர். நம் ஊர் ஆட்களின் கணக்குப் புத்தகம் ப்ளூம்ஸ்பரியில் பாடமானது. இதைத் தேர்த் திருவிழா நோட்டீஸில் போடமாட்டோம்.

சரி, எதிர்ப்பையும் கேட்போம், பலவீனமானதை விட்டுவிட்டு, வலுவானதை. தத்துவவாதி ஜான் ஹாரிஸ் கேட்டார்: வாழ விரும்பும் எல்லாருடைய விருப்பமும் சமம் என்றால், இன்னும் நாற்பது ஆண்டு வாழக்கூடியவருக்கு நான்கு ஆண்டு வாழக்கூடியவரைவிட முன்னுரிமை தருவது எப்படி நியாயம்? உடற்குறையோடு பிறந்தவர் முதலில் அந்தக் குறையால் இழக்கிறார். பிறகு, இவரைக் காப்பாற்றினால் கிடைக்கும் குவாலி குறைவு என்று இரண்டாம் முறையும் இழக்க வேண்டுமா? இந்த அடி சரியான இடத்தில் விழுகிறது. குவாலிக்கு முழுப் பதில் இல்லை என்றே நான் நினைக்கிறேன். 2020 மார்ச்சில் கோவிட் பரவியபோது தீவிர சிகிச்சைக்கு யாரை எடுப்பது என்ற நைஸ் வழிகாட்டலில் முதியோரின் தளர்ச்சியை அளக்கும் வேறோர் அளவுகோலைப் போட்டார்கள். கற்றல் குறைபாடு உள்ளவர்களையும் ஆட்டிசம் உள்ளவர்களையும் அது ஒதுக்கிவிடும் என்று குடும்பங்களும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் போர்க்கொடி தூக்கின. சில நாட்களிலேயே திருத்தினார்கள். கவனியுங்கள்: எழுதியிருந்ததால்தான் அதை எதிர்க்க முடிந்தது. 1890இன் விலையை எதிர்த்து யார் மனுப் போட்டார்கள்?

வயது பற்றி வில்லியம்ஸ் ஒளித்துப் பேசவில்லை. 1997இல் அவர் எழுதிய கட்டுரையின் வாதம் இது: ஒவ்வொருவருக்கும் நியாயமான ஆயுள் என்று ஒன்று உண்டு. அதை வாழ்ந்து முடித்தவர், இன்னும் பெறாதவருக்கு வழிவிட வேண்டும். எழுதும்போது அவருக்கே வயது எழுபதை நெருங்கியிருந்தது. பிறர் ஆயுளில் சிக்கனம் பிடிக்கச் சொன்னவர் தன் பெயரையும் பட்டியலில் போட்டுக்கொண்டார். நம் சாமியார்களில் எத்தனை பேர் போதித்த வைத்தியத்தோடு நின்றார்கள், எத்தனை பேர் நெஞ்சு வலித்ததும் ஐ.சி.யு. தேடி ஓடினார்கள்?

அந்தக் கட்டுரையைக் கிழவர்களுக்கு எதிரானது என்று மட்டும் படிக்கிறவர்கள் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். மறுபாதி ஏழைகளுக்கானது. வர்க்கத்தால் ஆயுளே குறைந்துபோன மக்களுக்குக் கிடைக்கும் ஒவ்வோர் ஆண்டையும் கூடுதலாக எடைபோட வேண்டும் என்கிறது அது. அதை ஃபாரஸ்ட் கேட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். 2020 மார்ச் 1 முதல் ஏப்ரல் 17 வரை, வயதைச் சரிசெய்து பார்த்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கோவிட் மரண விகிதம் ஆக உயர்ந்த இடம் ஃபாரஸ்ட் கேட் அடங்கிய நம் நியூஹாம்: லட்சத்துக்கு 144.3. இது இளைஞர்கள் நிறைந்த பகுதி. பஸ் ஓட்டியவர்கள், கடைக் கல்லாவில் இருந்தவர்கள், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவர்கள், ஒரே வீட்டில் மூன்று தலைமுறையாக நெருக்கிப் படுத்தவர்கள். தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போகப்போகிறீர்களா? நல்ல மருத்துவம் தேவை மிகுந்த இடத்துக்கே குறைவாகப் போய்ச் சேர்கிறது என்று 1971லேயே எழுதினார் வேல்ஸ் சுரங்க ஊரின் டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட். தலையில் எழுதியது யார் என்று அவர் தேடவில்லை, சந்தையின் கையைச் சுட்டிக்காட்டினார்.

குவாலிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அது ஆளைப் பார்ப்பதில்லை. வங்கி முதலாளியின் ஓர் ஆண்டும் நியூஹாம் கிரீன் ஸ்ட்ரீட்டில் துணி மடிக்கிறவரின் ஓர் ஆண்டும் அங்கே ஒன்றே. சாதி கேட்காது, விசா கேட்காது. மருத்துவமனைக் கல்லா கேட்கும். புகலிடம் மறுக்கப்பட்டு, அரசு உதவியும் இல்லாமல் இங்கிலாந்தில் தங்கிவிட்ட ஈழத்தமிழர் ஒருவருக்கு மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்பட்டால், விதிவிலக்கு இல்லாதபோது, என்.எச்.எஸ். செலவின் 150 விழுக்காட்டுக்குப் பில் வரும். அவசரம் இல்லாத சிகிச்சை என்றால் 2017 அக்டோபரிலிருந்து பணத்தை முதலில் கட்ட வேண்டும். 500 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள கடன் இரண்டு மாதம் நின்றால் உள்துறைக்குத் தகவல் போகும். காசநோய் போன்ற தொற்றுநோய்களுக்கு யாரிடமும் பணம் கேட்பதில்லை. ஏன்? பிறருக்குத் தொற்றும் அல்லவா! ஒரு காலத்தில் நாட்டிலேயே காசநோய் ஆக அதிகமாக இருந்த நியூஹாமில், 2014 முதல் புதிதாக வந்தவர்களுக்கு மறைநிலைக் காசநோய்ப் பரிசோதனை செய்தார்கள், நல்ல வேலை. ஆனால் அந்த ஈழத்தமிழரின் இருமல் பக்கத்து இருக்கைக்காரரை எட்டும்போதுதான் அவர் கணக்கில் வருகிறார். அவருடைய புற்றுநோய் அவரை மட்டும் கொல்லும், ஆகவே 150 விழுக்காட்டுப் பில்.

இந்த 150க்குப் பின்னால் எந்தக் குவாலி இருக்கிறது? பயந்து வராமலே இருந்து, முற்றிய பிறகு அவசரப் பிரிவுக்கு வந்து விழுகிறவருக்கு ஆகும் செலவைக் கழித்தால் மிச்சம் என்ன? வில்லியம்ஸின் மேஜையில் இந்த விதியை வைத்தால் தாங்குமா? இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். நம்மில் பாதிப் பேருக்கு அந்த வரிசையில் நின்ற ஓர் அண்ணனோ மச்சானோ உண்டு; இன்று பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் வந்ததும் “வந்தவனெல்லாம் ஓசியில் வைத்தியம் பார்க்கிறான்” என்று நாமே சொல்கிறோம்.

2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டப்படி உங்கள் பகுதி மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுதுங்கள். சென்ற ஆண்டு இப்படி எத்தனை பேருக்குப் பில் போட்டீர்கள், எவ்வளவு வசூலானது, வசூலிக்கும் பிரிவுக்கு எவ்வளவு செலவானது, முன்பணம் கேட்டபின் சிகிச்சைக்கு வராமல் போனவர்கள் எத்தனை பேர்? 20 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு மின்னஞ்சல் போதும், பொதுவாகக் கட்டணம் கிடையாது. கேட்பவரின் விசாவையும் அவர்கள் கேட்க முடியாது.